ஆப்பிள் × விண்டோஸ்: ஓர் எதிர்வின் வரலாறு

1994இல் உம்பர்த்தோ எக்கோ ஓர் இத்தாலிய வார இதழில் எழுதிய பத்தி, கணினி உலகத்தை இரண்டு சபைகளாகப் பிரித்தது. ஆப்பிளின் மெக்கின்டாஷ் கத்தோலிக்கம். மைக்ரோசாப்டின் டாஸ் புரொட்டஸ்டன்ட். முன்னதில் படங்களைப் பிடித்துக்கொண்டு படிப்படியாகப் போனால் மோட்சம் எல்லாருக்கும் உண்டு. பின்னதில் கட்டளையை நாமே படித்து, நாமே பொருள்கொண்டு, நாமே தட்ட வேண்டும். இரட்சிப்பு எல்லாருக்கும் கிடைத்துவிடாது. அப்போ விண்டோஸ்? அது ஆங்கிலிக்கன் சபை மாதிரி: வெளியே சடங்கு, உள்ளே பழைய டாஸ். எக்கோ விளையாட்டாகத்தான் எழுதினார். ஆனால் முப்பது வருஷம் கழித்தும், ‘தோழர், மேக் வாங்கலாமா, விண்டோஸ் லேப்டாப் வாங்கலாமா?’ என்று கேட்பவரின் குரலில் மதம் மாறப்போகிறவரின் பதற்றம் இருக்கிறது.

தமிழ் எம்.ஏ. படித்தவன் நான். சில்லுக்குள் நடப்பது எனக்குத் தெரியாது. ஆனால் ஓர் இருமை எதிர்வைக் கண்டால் அது எதை மறைத்துக்கொண்டு நிற்கிறது என்று கேட்பது நம்மிடையே பழகிய காரியம். அதை இங்கேயும் கேட்டுப் பார்க்கலாம்.

1

முதலில் வம்சாவளி. சுட்டியும் சன்னலும் படக்குறியும் ஆப்பிளில் பிறக்கவில்லை, மைக்ரோசாப்டிலும் பிறக்கவில்லை. 1968 டிசம்பர் 9 அன்று டக்ளஸ் எங்கல்பர்ட் சான் பிரான்சிஸ்கோவில் ஒரு மாநாட்டு அரங்கில் சுட்டியை நகர்த்திக் காட்டினார். அந்த ஆய்வுக்குப் பணம் தந்ததில் அமெரிக்கப் பாதுகாப்புத் துறைக்கும் பங்குண்டு. 1970இல் ஜெராக்ஸ் கம்பெனி பாலோ ஆல்டோவில் தொடங்கிய ஆய்வகத்தில், 1973இல் ஆல்டோ என்ற கணினி உருவானது. 1979 டிசம்பரில் ஸ்டீவ் ஜாப்ஸ் அங்கே போனார். சும்மா போகவில்லை. ஆப்பிளின் ஒரு லட்சம் பங்குகளைப் பத்து லட்சம் டாலருக்கு ஜெராக்ஸ் வாங்கிக்கொள்ளலாம்; பதிலுக்கு ஆய்வகத்தின் கதவு திறக்கும். அங்கே பணிபுரிந்த அடேல் கோல்ட்பர்க் காட்ட மாட்டேன் என்று மறுத்தார். மேலிடம் உத்தரவிட்ட பிறகே காட்டினார். கைமாறப்போவது என்ன என்று அவருக்குத் தெரிந்திருந்தது. பெரும் ஆண்களின் சாதனைக் கதையாடலில் அந்த மறுப்பு ஒரு துணுக்காகவே தங்கிவிட்டது.

ஜெராக்ஸ் 1981இல் விற்ற ஸ்டார் 16,000 டாலருக்கு மேல். ஆப்பிளின் லிசா (1983) 9,995 டாலர். 1984 ஜனவரி 24 அன்று வந்த மெக்கின்டாஷ் 2,495 டாலர். அதற்கு இரண்டு நாள் முன்னால் ரிட்லி ஸ்காட் இயக்கிய விளம்பரம் தொலைக்காட்சியில் வந்தது. ஆர்வெல்லின் பெரியண்ணன் ராட்சதத் திரையில் பேசிக்கொண்டிருக்கிறான். ஒரு பெண் ஓடிவந்து சம்மட்டியை வீசித் திரையை உடைக்கிறாள். கலகம் ஒரு சரக்கின் அடையாளமாக மாறிய கணம் அது. அப்போது மைக்ரோசாப்ட் எதிரியே அல்ல என்பதையும் கவனிக்க வேண்டும். மெக்கின்டாஷுக்கு மென்பொருள் எழுதித்தரும் பங்காளி அது. எக்செல் 1985இல் முதலில் வெளிவந்ததே மெக்கின்டாஷில்தான்.

அதே 1985 நவம்பரில் விண்டோஸ் முதல் பதிப்பு வந்தது. திரைத் தோற்றத்தின் சில கூறுகளுக்கு ஆப்பிள் உரிமமும் கொடுத்தது. பிறகு 1988இல் வழக்குத் தொடுத்தது. அந்த வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே, 1989இல், ஜெராக்ஸ் ஆப்பிள்மீது வழக்குப் போட்டது! ஜெராக்ஸின் வழக்கு பெரும்பாலும் தள்ளுபடியானது. ஆப்பிளின் வழக்கும் 1994இல் மேல்முறையீட்டில் தோற்றது. 1997 ஆகஸ்டில் ஆப்பிள் திணறிக்கொண்டிருந்தபோது மைக்ரோசாப்ட் 15 கோடி டாலர் முதலீடு செய்தது. பாஸ்டன் மேடையில் ஜாப்ஸ் அதை அறிவிக்க, பின்னால் ராட்சதத் திரையில் பில் கேட்ஸின் முகம். கூட்டம் கூச்சலிட்டது. சம்மட்டி வீச யாரும் ஓடிவரவில்லை.

2

அப்படியானால் வித்தியாசமே இல்லையா? இருக்கிறது, அது விற்கும் முறையில் இருக்கிறது. ஆப்பிள் உடலையும் உயிரையும் சேர்த்தே விற்கும். மைக்ரோசாப்ட் உயிரை மட்டும் எந்த உடலுக்கும் விற்றது. 1981இல் ஐபிஎம் கணினிக்கு டாஸ் கொடுத்தபோதே, அதைப் பிறருக்கும் விற்கும் உரிமையைத் தன் கையில் வைத்துக்கொண்டது. அதனால் நகல் கணினிகள் பெருகின, விலை விழுந்தது. சென்னை ரிச்சி தெருவில் பாகம் பாகமாக வாங்கி மாட்டிய பெட்டிகள் ஊர்தோறும் டிடிபி கடைகளுக்குப் போய்ச் சேர்ந்தன. சிற்றிதழ்கள் அச்சுக்கோப்பிலிருந்து கணினிக்கு மாறியதில் அந்தப் பெட்டிகளுக்குப் பெரிய பங்குண்டு. பக்க வடிவமைப்பு என்ற தொழிலையே மேசைக்குக் கொண்டுவந்தது 1985இல் மெக்கின்டாஷும் லேசர்ரைட்டரும் பேஜ்மேக்கரும் சேர்ந்த கூட்டு. நம் கைக்கு எட்டியதோ விண்டோஸ் பெட்டி. யாரும் சபை பார்த்துச் சேரவில்லை. கைக்காசு தீர்மானித்தது.

மடிக்கணினியில் இந்த இடைவெளியும் சுருங்கிவிட்டது. தைவானின் குவாண்டா கம்பெனி மேக்புக்கையும் தயாரித்தது, ஹெச்பி, டெல் மடிக்கணினிகளையும் தயாரித்தது. 2010இல் இளம் தொழிலாளர்கள் அடுத்தடுத்துத் தற்கொலை செய்துகொண்ட பாக்ஸ்கானின் ஷென்ஜென் தொழிற்சாலை ஆப்பிளுக்கும் அதன் போட்டியாளர்களுக்கும் உழைத்த இடம். 2006இலிருந்து ஆப்பிள் இன்டெல் சில்லுக்கு மாறியதால் மேக்கிலேயே விண்டோஸை ஓட்ட முடிந்தது. 2020இல் சொந்தச் சில்லுக்குப் போனபோதுதான் அந்த வழி அடைபட்டது. கடைக்காரர் முன்னால் எதிரெதிராக வைக்கும் இரண்டு பெட்டிகளின் பின்னால் இருக்கும் கைகள் பெரும்பாலும் ஒரே கைகள்.

3

இந்த எதிர்வு மறைத்துக்கொண்டு நிற்பது நம் எழுத்தை.

தொண்ணூறுகளில் ஒவ்வொரு தமிழ் எழுத்துரு நிறுவனமும் தனக்கென்று ஒரு குறியீட்டு முறை வைத்திருந்தது. ஒன்றில் ‘க’ இருந்த இடத்தில் இன்னொன்றில் வேறு எழுத்து. நண்பர் ஒருவர் ஒரு பழைய சிற்றிதழின் கோப்புகளைக் கொடுத்தார். திறந்தால், தலையில் கொம்பும் புள்ளியும் முளைத்த ஐரோப்பிய எழுத்துகள் பக்கம் பக்கமாக. அந்த எழுத்துரு இப்போது யாரிடமும் இல்லை. பேஜ்மேக்கருக்கும் 2001க்குப் பிறகு புதிய பதிப்பு வரவில்லை. தாளில் அச்சான பிரதியைக் கரையானிடமிருந்து காப்பாற்றிவிடலாம். கணினியில் இருக்கும் பிரதி அழியாமலே வாசிக்க முடியாததாகிவிட்டது.

இதற்குத் தீர்வாக வந்த ஒருங்குறியும் அதே வீட்டில் பிறந்ததுதான். ஜெராக்ஸின் ஜோ பெக்கரும் ஆப்பிளின் லீ காலின்ஸ், மார்க் டேவிஸ் இருவரும் தொடங்கிய வேலை அது. 1991இல் வந்த முதல் பதிப்பிலேயே தமிழுக்கு இடம் கிடைத்தது. ஆனால் இந்திய அரசின் இஸ்கி அட்டவணையை அடியொற்றிய இடம். உயிர்மெய்களுக்குத் தனித்தனி இடம் இல்லை. நம் ஆட்சேபங்கள் அதற்குப் பின்னால்தான் ஒழுங்காகத் திரண்டன. 1999இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாடு வேறு குறியீடுகளைப் பரிந்துரைத்தது. 2010இல் தமிழ்நாடு அரசு ஒருங்குறியை ஏற்று, கூடவே டேஸ்16 முறையையும் அறிவித்தது. விண்டோஸில் தமிழ் ஒருங்குறி, லதா எழுத்துருவோடு, விண்டோஸ் 2000இல் வந்தது. மேக்கில் மலேசியத் தமிழர் முத்து நெடுமாறன் வடிவமைத்த இணைமதி 2005இன் டைகர் பதிப்பில் வந்தது. இடைப்பட்ட ஐந்து வருஷம் ‘எது அழகு’ என்ற கேள்விக்குத் தமிழில் எழுதுகிறவனிடம் அர்த்தமே கிடையாது. எதில் என் மொழி இருக்கிறது என்பதே கேள்வி.

மூன்றாவது வழி ஒன்றும் இங்கே நம் கண்முன்னால் வந்துபோனது. 2011 செப்டம்பரில் தமிழ்நாடு அரசு மாணவர்களுக்கு இலவச மடிக்கணினி தரத் தொடங்கியபோது, அதில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது. முதல் தலைமுறையாகப் படிக்க வந்த லட்சக்கணக்கான பிள்ளைகளுக்கு மேக்கா விண்டோஸா என்ற தேர்வே இருக்கவில்லை. அரசு கொடுத்தது வந்தது. அதிலேயே யாருக்கும் சொந்தமில்லாத, எல்லாருக்கும் சொந்தமான ஓர் இயங்குதளம் கிடந்தது. அதைக் கற்றுக்கொடுக்க அரசும் மெனக்கெடவில்லை, ‘விலையில்லா’ என்று கிண்டலடித்த நாமும் திரும்பிப் பார்க்கவில்லை.

சரி, கேட்கிற தோழருக்கு என்னதான் சொல்வது? வாங்கும் நாளில் மட்டும் தேர்வு உங்களுடையது. மறுநாளிலிருந்து அது கம்பெனியுடையது. 2025 அக்டோபர் 14இல் விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாப்ட் நிறுத்தியபோது, நன்றாக ஓடிக்கொண்டிருந்த எத்தனையோ மடிக்கணினிகள் விண்டோஸ் 11க்குத் தகுதியற்றவையாக இருந்தன. பழைய மேக்குக்குப் புதிய பதிப்பு எந்த வருஷம் நிற்கும் என்பதை ஆப்பிள் தீர்மானிக்கும். ஆகவே கடையில் நான்கு கேள்வி கேளுங்கள். பேட்டரியையும் வட்டையும் வெளியே மாற்ற முடியுமா? கம்பெனி கைவிட்டால் லினக்ஸ் போட முடியுமா? எழுதியதை எந்த மென்பொருளும் திறக்கும் வடிவில் சேமிக்க முடியுமா? விலை கொடுத்தபின் கையில் என்ன மிஞ்சும்?

கையில் இருப்பது எந்தப் பெட்டியாக இருந்தாலும் இன்று செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. உங்கள் இதழின் பழைய கோப்புகளைத் தேடி எடுங்கள். அந்த எழுத்துருவையும், அதை அறிந்த டிடிபி நண்பரையும் கண்டுபிடியுங்கள். ஒருங்குறிக்கு மாற்றி, மூன்று பேரிடம் பிரதி கொடுத்து வையுங்கள். அந்த நண்பருக்கும் வயதாகிக்கொண்டிருக்கிறது.