கழிவும் மருந்தும்

பீர் வடித்து மிஞ்சிய ஈஸ்ட்டைக் காசாக்கியதுதான் மார்மைட். 1902இல் இங்கிலாந்தின் பர்ட்டனில் ஆரம்பித்தது. ரொட்டியில் தடவிப் பார்த்தேன்: ஒரே கரிப்பு, அடியில் கசப்பு. குழம்பில் அரைக் கரண்டி கரைத்தால் கறிச்சாற்றின் கனம் வந்துவிடுகிறது; இறைச்சியோ துளியும் இல்லை.

அங்கே காலைச் சிற்றுண்டி, பம்பாயிலோ மருந்து. 1928இல் வந்த லூசி வில்ஸ், சோகை பிடித்த கர்ப்பிணி நெசவாலைத் தொழிலாளிகளை ஆராய்ந்தார். மார்மைட் கொடுத்ததும் ரத்தம் தேறியது; 1931இல் எழுதினார். குணமாக்கிய பொருளுக்கு ஃபோலிக் அமிலம் என்ற பெயர் 1941இல்தான் வந்தது.

அந்தப் பெண்கள் என்ன சாப்பிட்டார்கள் என்றும் வில்ஸ் விசாரித்தார். மருத்துவச் சொல்லாடல் வைட்டமினை எடுத்துக்கொண்டது, கூலியை விட்டுவிட்டது. சோகைக்கு மருந்து கிடைத்தது சரி. அரைவயிற்றுக் கூலிக்கு எந்தப் புட்டியில மருந்து?