தாத்தா ஓட்டிய டிராமும் அக்கா மகன் வாங்கிய காரும்



போன ஞாயிற்றுக்கிழமை என் அக்கா மகன் வியாசர்பாடி வீட்டுக்கு வந்தான். முகத்தில் களையே இல்லை. "ஏமாந்துட்டேன் மாமா. ஒரு சார்ஜுக்கு 300 கிலோமீட்டர் ஓடும்னு சொல்லித்தான் எலக்ட்ரிக் கார் வித்தாங்க. 200 தாண்ட மாட்டேங்குது. வித்துடலாம்னு இருக்கேன்" என்றான். அவனுக்குச் சொன்னதை உங்களுக்கும் எழுதுகிறேன்.

சென்னைக்கு மின்சார வண்டி புதிதல்ல. 1895 மே 7 அன்று இங்கே மின்சார டிராம் ஓடத் தொடங்கியது. இந்தியாவிலேயே அதுதான் முதல். அப்போது கல்கத்தாவில் குதிரைதான் டிராமை இழுத்துக்கொண்டிருந்தது. 1921இல் 24 கிலோமீட்டர் தண்டவாளத்தில் 97 வண்டிகள் ஓடின. கம்பெனி நஷ்டத்தில் விழுந்து, 1953 ஏப்ரல் 12 அன்று எல்லாம் நின்றது. அன்றோடு என் தாத்தாவுக்கும் வேலை போயிற்று. அவர் டிராம் ஓட்டியவர்.

நான் சிறுவனாக இருந்தபோது தாத்தா அடிக்கடி சொல்வார்: "ஸ்டாப் வர்றதுக்கு முன்னாடியே கரண்டை வெட்டிடணும்டா. வண்டி தானா உருண்டு போய் நிக்கணும். கரண்டையும் கொடுத்து பிரேக்கும் போடுறவன் ஓட்டத் தெரியாதவன்." பேசின் பிரிட்ஜ் மேம்பாலத்தில் இறங்கும்போது நாம் சைக்கிள் பெடலை மிதிக்காமல் விடுகிறோமே, அதே கணக்குதான்.

டிராமுக்கு இரண்டு வசதிகள் இருந்தன. இரும்புச் சக்கரம் இரும்புத் தண்டவாளத்தில் உருளும்போது எதிர்ப்பு மிகக் குறைவு. பேட்டரி சுமையும் கிடையாது. இன்றைய கார் தன் பேட்டரியையும் சேர்த்துச் சுமக்கிறது, ரப்பர் டயரில் உருள்கிறது. டயரில் காற்று குறைந்தால் இழுவை கூடும். வேகம் இரண்டு மடங்கானால் காற்றின் எதிர்ப்பு நான்கு மடங்காகும். நெரிசலில் வண்டி நின்றாலும் ஏசி கரண்டைத் தின்றுகொண்டேதான் இருக்கும். அந்த 300 என்பது சோதனைக்கூடத்தில் வண்டியை உருளைமேல் ஏற்றி, ஏசி போடாமல் ஓட்டி எடுத்த கணக்கு. மே மாத மூலக்கொத்தளம் சிக்னல் அந்தக் கூடத்தில் கிடையாது.

2025 ஜூன் 30 அன்று நம் வியாசர்பாடி பணிமனையிலிருந்தே 120 மின்சாரப் பேருந்துகள் புறப்பட்டன. 72 வருடம் கழித்து மின்சார வண்டி திரும்பி வந்ததே என்று போய்ப் பார்த்தேன். தாத்தா ஞாபகம் வந்து கண் கலங்கிவிட்டது. மின்சாரப் பேருந்து ஓட்டும் என் பழைய மாணவன் ஒருவன் சொன்னான்: "ஒரே மாதிரி பஸ்தான் சார். ஆனா ஆளுக்கு ஆள் சாயந்திரம் மிஞ்சுற சார்ஜ் வேற." முன்கூட்டியே காலை எடுத்தால் மோட்டாரே ஜெனரேட்டராக மாறி, கொஞ்சம் மின்சாரத்தை பேட்டரிக்குத் திருப்பிக் கொடுக்கிறது. தாத்தா சொன்ன பாடம்தானே இது!

இனி அக்கா மகனுக்குப் போட்டுக் காட்டிய கணக்கு. அவன் பேட்டரி 25 யூனிட். சார்ஜ் ஏற்றும்போது வீணாவதையும் சேர்த்தால் மீட்டரில் சுமார் 28 யூனிட். 200 கிலோமீட்டர் ஓடினால் யூனிட்டுக்கு ஏழு கிலோமீட்டர். ஒரு லிட்டர் பெட்ரோலில் சுமார் 9 யூனிட் ஆற்றல் இருக்கிறது. அதில் 15 கிலோமீட்டர் ஓடினால் யூனிட்டுக்கு இரண்டு கிலோமீட்டர்கூட இல்லை. ஆக, அவன் ஏமாறவில்லை.

ஆனால் கணக்கு அங்கே முடியாது. நிலக்கரியை எரித்தால் அதன் வெப்பத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் மின்சாரமாகிறது. அதையும் சேர்த்தால் அந்த ஏழு கிலோமீட்டர் இரண்டேகாலாகச் சுருங்குகிறது. காற்றாலை, சூரிய மின்சாரம் கூடக் கூட இது மாறும். இன்றைக்கு நிலக்கரிச் சாம்பல் எங்கே போகிறது? எண்ணூர் முகத்துவாரத்துக்கு. அங்கே மீன் பிடிப்பவர்களின் பிள்ளைகளும் என்னிடம் படித்தவர்கள்தான். புகை வராத கார் என்று தி.நகரில் பெருமைப்படலாம். வடசென்னைக்காரன் அப்படிச் சொல்ல முடியுமா? அதனால் நாம் வீணாக்கும் ஒவ்வொரு யூனிட்டுக்கும் கணக்கு உண்டு.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அக்கா மகன், "சரி மாமா, விக்கல. முதல்ல டயர்ல காத்து பாக்குறேன்" என்று கிளம்பினான்.

உங்கள் வீட்டில் டிராமில் போன பெரியவர்கள் யாராவது இருந்தால், அவர்களிடம் கேட்டுக் கீழே எழுதுங்கள். அவர்கள் இருக்கும்போதே கேட்டுவிடுங்கள்.

அன்புடன்,
உங்கள் சார்