மஞ்சள் நீரும் மூடிய பதிவேடும்

2019ஆம் ஆண்டு வடமராட்சியில் ஒரு மரண வீட்டுக்குச் சென்றிருந்தேன். இறந்தவர் எனக்கு நெடுநாட் பழக்கமானவர். கொள்ளி வைக்கும் நேரத்தில் உறவினர் ஒருவர், "சொந்தப் பிள்ளையோ கொள்ளி வைக்கிறது?" என்று சற்று உரத்தே கேட்டுவிட்டார். தோளிற் கொள்ளிக்குடத்துடன் நின்ற அந்த இருபத்துநான்கு வயது இளைஞனுக்கு, தான் எடுத்து வளர்க்கப்பட்டவன் என்ற செய்தி அவ்விடத்திலேதான் கிடைத்தது.

எட்டுச் செலவு முடிந்த பின் அவன் என்னைத் தேடி வந்தான். "ஐயா, ஊரிலை இவ்வளவு பேருக்கும் தெரிஞ்சிருக்கு. எனக்கு மட்டுந்தான் தெரியேல்லை" என்றான். அவனுடைய துயரம் தத்துப் போனதைப் பற்றியதன்று, மறைக்கப்பட்டதைப் பற்றியது என்பதை விளங்கிக்கொள்ள எனக்குச் சில நாட்கள் பிடித்தன.

இந்த மறைப்பு நம்மவரின் பழைய வழக்கமா என்று தேடிப் பார்த்தேன். இல்லை என்றே சொல்லவேண்டும். யாழ்ப்பாணத்தில் நீண்டகாலம் வாழ்ந்த ஒல்லாந்த அதிகாரி கிளாஸ் ஐசாக்ஸ், ஆளுநரின் பணிப்பின்பேரில் 1707ஆம் ஆண்டில் இந்நாட்டு வழமைகளைத் தொகுத்தார். பன்னிரு முதலியார்கள் படித்துச் சரியென ஒப்பிய அத்தொகுப்பே தேசவழமை. முதுசம், சீதனம், தேடிய தேட்டம் என்று சொத்தைப் பற்றியே விரிவாகப் பேசும் அந்நூலில் பிள்ளை எடுத்து வளர்ப்பதற்கும் ஒரு பகுதி உண்டு. பிள்ளையை எடுப்பவர் தம் உரித்தாளரின் சம்மதத்தைப் பெறவேண்டும். அதற்குச் சாட்சியாக மஞ்சள் நீர் அருந்தவேண்டும். அதன் பின் அப்பிள்ளை வளர்த்தோரின் சொத்துக்கு உரித்தாகும். பெற்றோரின் முதுசத்தில் அதற்குப் பங்கில்லை.

பிள்ளையின் மனத்தைப் பற்றி அங்கே ஒரு சொல்லும் இல்லை. காணிச் சண்டை வராமற் காப்பதே நோக்கம். (யாழ்ப்பாணத்தான் எதையும் வேலிக்கணக்கிற் பார்ப்பான் என்று சொல்பவர்களுக்கு இது இனிப்பான சான்று.) ஆயினும் அந்தச் சடங்கிற் கவனிக்கத்தக்க ஒன்று உண்டு. அது இனசனம் அறிய நடந்தது. தமையன் பிள்ளையைத் தங்கை வளர்த்தாலும் பிள்ளை இரண்டு வீட்டுக்கும் போய்வந்தது. பிற்காலத்தில் ஒருவர் வந்து வெளிப்படுத்தத்தக்க இரகசியம் எதுவும் அங்கே இருக்கவில்லை.

1941ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கப் பிள்ளைகள் மகவேற்புக் கட்டளைச் சட்டம் இதனை நீதிமன்றக் காரியமாக்கியது. இங்கிலாந்தின் 1926ஆம் ஆண்டுச் சட்டம் போன்றே இங்கும் தத்துப் பிள்ளைகளுக்குத் தனிப் பதிவேடு வந்தது. பிள்ளைக்குப் பாதுகாப்புத் தந்த சட்டம் அது, குறை சொல்வதற்கில்லை. ஆனால் உறவுக்குள் நடந்த காரியம் கோப்புக்குட் சென்றது. தத்துப் பிள்ளைகள் வயது வந்தபின் தம் மூலப் பிறப்புப் பதிவைப் பார்க்கும் உரிமையை இங்கிலாந்தே 1975ஆம் ஆண்டுச் சட்டத்தினால்தான் வழங்கியது. மறைப்பின் விலையை உணர அவர்களுக்கு அரை நூற்றாண்டு தேவைப்பட்டது.

பின்னர் போர் வந்தது. 1995 ஒக்ரோபர் 30ஆம் நாள் இரவு வலிகாமம் முழுவதும் நாவற்குழிப் பாலத்தை நோக்கி நடந்ததை வாசகர்கள் அறிவர். மழையும் இருளும் நெரிசலுமான அந்தப் பாதையிற் கைநழுவிய குழந்தைகள் உண்டு. நம் இளைஞன் அவர்களில் ஒருவன். தென்மராட்சியில் ஒரு பாடசாலை மண்டபத்தில், உரியவர் வராத கைக்குழந்தையாக அவனை அந்தத் தம்பதியர் எடுத்தார்கள். நீதிமன்றம், மகவேற்பு எதுவும் இல்லை. காலம் பிந்திய பிறப்புப் பதிவில் தங்கள் பெயரையே பெற்றோராக எழுதினார்கள். அந்த நாட்களில் அதைக் குற்றமென்று யார் சொல்வார்?

இதைவிடச் சிக்கலான நிலை காணாமற்போனோரின் பிள்ளைகளுடையது. தகப்பன் இறந்தான் என்றும் சொல்ல முடியாது, இருக்கிறான் என்றும் சொல்ல முடியாது. இல்லாமைச் சான்றிதழ் வழங்கச் சட்டம் வந்ததே 2016இல்தான். அழவும் உரிமையில்லாத துக்கத்தில் வளர்ந்த பிள்ளைகள் அவர்கள்.

யாழ்ப்பாணத்து மனநல மருத்துவர் பேராசிரியர் தயா சோமசுந்தரம் இந்தக் காயங்களைப் பற்றி நீண்டகாலம் எழுதியவர். போர் ஆளை மட்டுமன்று, குடும்பத்தையும் ஊரையும் சேர்த்தே நோயாளியாக்குகிறது என்பது அவர் கருத்து. வட கிழக்கின் போர்ப் பகுதிகளில் 420 பாடசாலை மாணவரிடம் நடத்தப்பெற்று 2009இல் வெளியான ஓர் ஆய்வின்படி, அவர்களில் 92 சதவீதத்தினர் குண்டுவீச்சு, செல்லடி, உறவினர் சாவு போன்ற கொடிய அனுபவங்களுக்கு உள்ளாகியிருந்தனர். நான்கில் ஒருவருக்கு நெருக்கீட்டுக்குப் பிந்திய மனவடு நோய் இருந்தது.

அக்காயம் ஏன் இருபது வயதுக்கு மேல் வெடிக்கிறது? ருமேனியாவின் அநாதை இல்லங்களிலிருந்து இங்கிலாந்துக்குத் தத்துச் சென்ற 165 பிள்ளைகளை ஆய்வாளர்கள் ஆண்டுக்கணக்காகப் பின்தொடர்ந்தனர். 2017இல் வெளியான முடிவின்படி, ஆறு மாதத்துக்குட் குடும்பம் கிடைத்தவர்கள் பிற பிள்ளைகளைப் போன்றே வளர்ந்தார்கள். அதற்கு மேலும் இல்லத்திற் கிடந்தவர்களிற் பலருக்குக் கவனக்குறைவும் பிறருடன் பழகுவதிற் சிக்கலும் வளர்ந்த பின்னரும் நீடித்தன. சோர்வும் பதற்றமும் இளம் பருவத்திலேதான் பெரிதாக வெளிப்பட்டன. ஆனால் அவர்களிலும் ஐந்தில் ஒருவர் எந்தக் கோளாறும் இன்றியே வளர்ந்தார். தத்துப் பிள்ளை என்றாலே கோளாறு என்று நம்மூரிற் பேசுவோர் இந்தக் கடைசிச் செய்தியை இருமுறை வாசிக்கலாம்.

எங்கள் இளைஞனுக்கு ஆறு மாதத்துக்கு முன்பே அன்பான வீடு கிடைத்துவிட்டது. அந்த வீட்டில் அவன் குறையின்றி வளர்ந்தான். மரண வீட்டுக்குப் பின்னரே நித்திரை கெட்டது. வேலைக்குப் போகாமல் அறைக்குள் கிடந்தான். வைத்தியரிடம் அழைத்துப் போகத் தாயாருக்கு மனமில்லை. "பைத்தியம் எண்டு சொல்லிப்போடுவினம் தம்பி" என்றார். நான் வற்புறுத்தினேன். போனார்கள். சில மாதங்களில் நித்திரை திரும்பியது.

அவன் கேட்டபடி தென்மராட்சியில் அந்நாளைய மனிதர் சிலரை விசாரித்தேன். பாடசாலை மண்டபம் நினைவிருந்தது. குழந்தை யாருக்கும் நினைவில்லை. அதை அவனிடம் சொன்னபோது தாயாரும் அருகில் இருந்தார். "சொன்னால் என்னை விட்டிட்டுப் போயிடுவாய் எண்டு பயந்தனான் ராசா" என்றார். அவன் நிலத்தைப் பார்த்தபடி, "அண்டைக்கு நான் என்ன சட்டை போட்டிருந்தனான் அம்மா?" என்று கேட்டான்.

தாயார் எழுந்து உள்ளே போய், தகரப் பெட்டியைத் திறந்தார்.