அழற்சி எதிர்ப்பு மருந்துகளின் உலோக அணைவுச் சேர்மங்கள்

ஆஸ்பிரின், இபுபுரோஃபென், டைக்ளோஃபெனாக், இண்டோமெத்தசின் முதலிய ஸ்டீராய்டு அல்லாத அழற்சி எதிர்ப்பு மருந்துகள், செம்பு, துத்தநாகம், கோபால்ட்டு போன்ற உலோக அயனிகளுக்கு எலக்ட்ரான் இணைகளை வழங்கும் ஈனிகளாகச் செயல்பட்டு உருவாக்கும் சேர்மங்கள் இவ்வகையைச் சேர்ந்தவை ஆகும்.

அமைப்பு

இம்மருந்துகளில் பலவற்றில் உள்ள கார்பாக்சிலிக் அமிலத் தொகுதி, புரோட்டானை இழந்து கார்பாக்சிலேட்டாக மாறி, தன் ஆக்சிஜன் அணுக்களின் வழியே உலோகத்துடன் பிணைகிறது. செம்பு ஆஸ்பிரினேட்டில் நான்கு ஆஸ்பிரின் அயனிகள் இரு செம்பு அயனிகளை இணைக்கும் பாலங்களாக அமைகின்றன. கார்பாக்சில் தொகுதி இல்லாத பிராக்சிகாமோ, ஆக்சிஜன் அணு ஒன்றாலும் நைட்ரஜன் அணு ஒன்றாலும் உலோகத்தைப் பற்றி வளையம் அமைக்கிறது. இதுவே கொடுக்கிணைப்பு எனப்படும்.

உயிரியல் செயல்பாடு

வீக்கத்தையும் வலியையும் தூண்டும் புரோஸ்டாகிளாண்டின்கள் உருவாவதை ஆஸ்பிரின் வகை மருந்துகள் தடுப்பதை ஜான் வேன் 1971இல் காட்டினார். அதே தடுப்பு இரைப்பையின் உட்சவ்வைக் காக்கும் புரோஸ்டாகிளாண்டின்களையும் குறைப்பதால் புண் உண்டாகிறது. மூட்டழற்சி மருந்துகளின் செம்பு அணைவுகளே அவற்றின் செயல்படு வடிவமாக இருக்கக்கூடும் என்று ஜான் சோரன்சன் 1976இல் முன்வைத்த கருத்து, இத்துறை ஆய்வுகளுக்குப் பெரும் தூண்டுதலாயிற்று. எலிகளின் பாதத்தில் காராஜீனன் செலுத்தி வீக்கத்தை அளக்கும் சோதனைகளில் பல செம்பு அணைவுகள் நல்ல பலன் அளித்தன. செல்களைச் சிதைக்கும் சூப்பர்ஆக்சைடு அயனியை அகற்றும் நொதியைப்போலச் செயல்படும் இயல்பும் அவற்றுக்கு உண்டு. கொடுக்கிணைப்பால் உலோக அயனியின் மின்முனைவுத் தன்மை குறைந்து, கொழுப்பில் கரையும் இயல்பு கூடுவதால், சேர்மம் நுண்ணுயிரிகளின் செல்சவ்வை எளிதில் கடக்கிறது என்பது, சில அணைவுகள் தனி மருந்தைவிட மிகுந்த பாக்டீரியா எதிர்ப்பைக் காட்டுவதற்குக் கூறப்படும் விளக்கமாகும்.

தமிழ்நாட்டில்

திருச்சிராப்பள்ளி பாரதிதாசன் பல்கலைக்கழகத்தில், மல்லையன் பழனியாண்டவரின் ஆய்வுக்குழு, வெவ்வேறு ஈனிகள் ஒரே உலோகத்துடன் இணைந்த கலப்பு ஈனிச் செம்பு அணைவுகள் டிஎன்ஏவுடன் பிணைவதையும் அதைத் துண்டிப்பதையும் விரிவாக ஆராய்ந்தது. அவை அழற்சி மருந்துகளை மையமாகக் கொண்ட ஆய்வுகள் அல்ல எனினும், மருந்து அணைவுகளின் புற்றுநோய் எதிர்ப்புத் திறனை மதிப்பிடுவதற்கும் இத்தகைய டிஎன்ஏ சோதனைகளே பயன்படுகின்றன.

பயன்பாடும் வரம்புகளும்

செம்பு இண்டோமெத்தசின் ஆஸ்திரேலியாவில் நாய், குதிரை ஆகியவற்றுக்கான கால்நடை மருந்தாகப் பயன்பட்டது. ஆய்வக விலங்குகளில் அது தனி இண்டோமெத்தசினைவிடக் குறைவான இரைப்பைப் புண்ணையே உண்டாக்கியது. ஆயினும் வாய்வழி உட்கொள்ளப்படும் அணைவு இரைப்பையின் அமிலச் சூழலில் பிரிந்துவிடக்கூடும். குருதியிலுள்ள புரதங்களும் உலோக அயனியைக் கவர்ந்துகொள்ளக்கூடும். ஆகவே, சோதனைக்குழாயில் காணப்படும் செயல்பாடு உடலிலும் நிகழும் என்று கொள்வதற்கு, அணைவு சிதையாமல் இலக்கை அடைகிறதா என்பது தனியே நிறுவப்பட வேண்டும்.