அயோடின் விட்டுச்சென்ற தடம்

இன்றைய கைபேசித் திரைகள் பலவற்றில் ஒளிர்வது கரிமக் குறைக்கடத்தி. சிலிக்கானைப் போல எலக்ட்ரான் இதில் விரைந்து ஓடாது. ஆனால் மெல்லிய படலமாகப் பூசலாம், வளைக்கலாம். கோடக் நிறுவனத்தின் டாங், வான் ஸ்லைக் இருவரும் 1987-இல் பத்து வோல்ட்டுக்கும் குறைவான மின்னழுத்தத்திலேயே இத்தகைய படலத்தை ஒளிரவைத்தார்கள்.

இதே கரிமக் குடும்பத்தைச் சேர்ந்த கடத்தும் பிளாஸ்டிக்கின் கதையைப் பாடநூல்கள் 1977-இல் தொடங்குகின்றன. ஷிரகாவா, மெக்டியார்மிட், ஹீகர் மூவரும் பாலிஅசிட்டிலீன் படலத்தில் அயோடினை ஏற்ற, அதன் கடத்துதிறன் கோடி மடங்கு உயர்ந்தது. 2000-இல் நோபல் பரிசு வந்தது. 1977-க்கு முன் இதை யாருமே கண்டதில்லையா? இந்தக் கேள்வியோடுதான் பழைய இதழ்களுக்குள் இறங்கினேன்.

எதைத் தேடுவது என்பதை வேதியியலே சொல்லிவிடுகிறது. ஒற்றைப் பிணைப்பும் இரட்டைப் பிணைப்பும் மாறி மாறி வரும் கார்பன் சங்கிலி வேண்டும். அதிலிருந்து எலக்ட்ரானைப் பிடுங்க அயோடின் போன்றதொரு பொருள் வேண்டும். பிடுங்கிய இடத்தில் உண்டாகும் துளை சங்கிலி நெடுக நகரும்போது மின்னோட்டம் பிறக்கிறது.

1974 ‘சயின்ஸ்’ இதழில் மெக்கின்னஸ் குழு மெலனினைக் கொண்டு மின் சுவிட்ச் செய்திருக்கிறது. நம் தோலுக்கு நிறம் தரும் அதே மெலனின்! ஆனால் அங்கே அயோடின் இல்லை. 1954 ‘நேச்சர்’ இதழில் அகமட்டு, இனோகுச்சி, மட்சுனாகா மூவரின் பெரிலீன்–புரோமின் சேர்மம் இருக்கிறது. புரோமின் அயோடினுக்கு நெருங்கிய உறவுதான். ஆயினும் பெரிலீன் சங்கிலியாக நீளும் பலபடி (பாலிமர்) அல்ல.

நான் தேடியது ‘ஆஸ்திரேலியன் ஜர்னல் ஆஃப் கெமிஸ்ட்ரி’யின் 1963 தொகுதியில் இருந்தது. பலபடிகளில் எலக்ட்ரான் கடத்தல் பற்றிய தொடர் கட்டுரைகள். எழுதியவர்கள் டொனால்டு வைஸும் மெக்நீல், போல்ட்டோ முதலிய தோழர்களும். நான்கு அயோடின் அணுக்கள் ஏறிய பிர்ரோலைச் சூடாக்கி, பாலிபிர்ரோல் என்னும் கறுப்புத் தூளை எடுத்திருக்கிறார்கள். அது மின்சாரத்தைக் கடத்தியது. அதோடு அவர்கள் நிற்கவில்லை. உள்ளே தங்கிய அயோடினை நீக்கிப் பார்த்தார்கள், மின்தடை ஏறியது. அயோடின் எலக்ட்ரானை இழுத்துக்கொள்வதால்தான் கடத்தல் நடக்கிறது என்ற விளக்கமும் அங்கேயே இருக்கிறது. 1977-க்குப் பதினான்கு ஆண்டுகள் முன்பே!

ஏன் கவனிக்கப்படவில்லை? வைஸ் குழு உப்புநீரை நன்னீராக்கும் ஆய்விலும் ஈடுபட்டிருந்தது. மின்னணுத் துறையினர் அந்தப் பக்கம் எட்டிப்பார்த்திருக்க மாட்டார்கள் என்பது என் கணிப்பு.

இன்னும் பின்னால் போனால் 1862, லண்டன். ஹென்றி லெதபி அனிலீன் சல்ஃபேட்டை மின்னாற்பகுத்துப் பிளாட்டின மின்வாயில் நீலப் படிவு கண்டார். இன்று பாலிஅனிலீன் என்று அறியப்படும் பொருள் அது. அவர் பதிவுசெய்தது நிறத்தை, கடத்தலை அல்ல. ஆகவே நான் பார்த்தவரையில், அயோடின் ஏறிய கடத்தும் பலபடிக்கு முதல் சான்று வைஸ் குழுவினுடையதே. ஷிரகாவா முதலிய மூவரின் நோபல் பரிசு தகுதியானதுதான். ஆனால் பாடநூலில் 1977-க்கு மேலே 1963 என்றொரு வரி ஏற வேண்டும்.