ஏறி இறங்கும் சுபாவம்: மனச்சோர்வு ஆய்வில் சராசரி மறைப்பது என்ன?

"எப்போதுமே இப்படித்தானா, இல்லை இப்போதுதான் இப்படியா?" மனச்சோர்வோடு வருபவரிடம் கேட்டே ஆக வேண்டிய கேள்வி இது. உணர்வுச் சுபாவம் பற்றிய ஆய்வுகளுக்கு வேரும் இதுதான். நோய் தாக்காத காலத்திலும் சிலரிடம் நிலைத்திருக்கும் நான்கு அடிப்படை நிலைகளை மனநல மருத்துவர் எமில் கிரேப்பெலின் தம் மனநோய்ப் பாடநூலின் எட்டாம் பதிப்பில் விவரித்தார்: சோர்வு, மிகை உற்சாகம், எரிச்சல், ஏற்ற இறக்கம். ஹாகோப் அகிஸ்கால் குழுவினர் பதற்றத்தையும் சேர்த்து ஐந்தாக்கினர்; 110 கூற்றுகள் கொண்ட அவர்களது டெம்ப்ஸ்-ஏ வினாப்படிவம் 2005இல் வெளியானது.

உற்சாகச் சுபாவம் நீங்கலான மற்ற நான்கும் நியூரோட்டிசிசத்தோடு, அதாவது எளிதில் கலங்கும் தன்மையோடு, ஒட்டியே போகின்றன. மனச்சோர்வு அறிகுறிகளும் அவற்றோடு கூடுகின்றன. அப்படியானால் சுபாவம் என்பது பழைய பண்புக்கூறுக்கு வைத்த புதுப் பெயர்தானே என்று சிலர் கேட்கிறார்கள். இதில் பெரும்பகுதியை நான் ஏற்கிறேன். கோஸ்டாவும் மெக்ரேயும் 1992இல் வெளியிட்ட ஆளுமை அளவுகோலில் நியூரோட்டிசிசத்துக்கு ஆறு கூறுகள் உண்டு. அவற்றுள் முதலாவது பதற்றம், இரண்டாவது சினம், மூன்றாவது சோர்வு. மூன்று சுபாவங்கள் அங்கே ஏற்கெனவே உட்கார்ந்திருக்கின்றன. போதாக்குறைக்கு, சோர்வைக் கேட்கும் கூற்றுகள் சுபாவப் படிவத்திலும் உண்டு, அறிகுறிப் படிவத்திலும் உண்டு. ஒரே கேள்வியை இரண்டு தாளில் கேட்டுவிட்டு, விடைகள் ஒத்துப்போகின்றன என்று வியப்பதில் பொருளில்லை.

ஆனால் ஏறி இறங்கும் சுபாவத்துக்கு அந்த ஆறு கூறுகளில் தனி இடம் கிடையாது. காரணம் அளக்கும் முறையிலேயே இருக்கிறது. மூன்று நாள் தூக்கமில்லாமல் வேலை பார்த்து, நண்பர்களையெல்லாம் அழைத்துப் புதுத் திட்டம் பேசிவிட்டு, நான்காம் நாள் தொலைபேசியை எடுக்கவே தெம்பில்லாமல் கிடப்பவரை எண்ணிப் பாருங்கள். 'நான் சுறுசுறுப்பானவன்' என்ற வரிக்கு எதிரே அவர் பேனா தயங்குகிறது. ஆம் என்பதும் உண்மை, இல்லை என்பதும் உண்மை, நடுக்கட்டத்தில் குறியிடுகிறார். ஆண்டு முழுவதும் மிதமாகவே இருப்பவரும் அதே கட்டத்தில்தான் குறியிடுவார். தாளில் இருவரும் ஒன்று. வாழ்க்கையில் ஒட்டுறவே இல்லை.

இந்த வேறுபாடு வெறும் கருத்தளவில் நிற்பதல்ல. மனச்சோர்வு மட்டுமே கொண்டிருந்த 559 நோயாளிகளை 11 ஆண்டுகள் வரை தொடர்ந்து கவனித்த அகிஸ்கால் குழு, 1995இல் முடிவுகளை வெளியிட்டது. பின்னாளில், சோர்வும் மிகை உற்சாகமும் மாறிமாறி வரும் இருதுருவ நோயின் இரண்டாம் வகைக்கு மாறியவர்களை முன்கூட்டியே காட்டிய பண்புகளில் முதன்மையானது மனநிலையின் நிலையாமை. மனச்சோர்வு மருந்தைத் தனியாகக் கொடுக்கலாமா என்ற முடிவே இதனால் மாறக்கூடும் என்பதால், சுபாவத்தை ஏட்டளவு வகைப்பாடு என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை.

சுபாவத்தை இப்படித் தனியாகக் கணக்கிடுவதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. சோர்ந்திருப்பவர் தம் கடந்த காலத்தையும் சோர்வின் நிறத்திலேயே பார்க்கிறார். மனநல மருத்துவர் குளோனிங்கரின் ஆளுமை அளவுகோலில் தீங்கைத் தவிர்க்கும் போக்கு நோயின்போது உயர்ந்து, குணமாகும்போது இறங்குகிறது. மனச்சோர்வு அறிகுறிகளை அளக்கும் பிஎச்கியூ-9 படிவம் கேட்பது கடந்த இரண்டு வாரங்களை. சுபாவப் படிவம் கேட்பது வாழ்நாளை. இரண்டையும் ஒரே அமர்வில் நிரப்பச் சொன்னால் இரண்டு வாரம் வாழ்நாளை விழுங்கிவிடும். எல்லைநிலை ஆளுமைக் கோளாறிலும் மனநிலை அலைபாயும் என்பதால், நிலையாமையைக் கண்டதுமே இருதுருவம் என்று முடிவுகட்டவும் முடியாது.

ஆகவே ஒரே அமர்வில் எடுத்த மதிப்பெண்களை வைத்து சுபாவமே மனச்சோர்வுக்குக் காரணம் என்று எழுதுவதை நாம் நிறுத்த வேண்டும். அறிகுறிகள் தணிந்தபின் சுபாவப் படிவத்தை மறுபடி நிரப்பச் சொல்ல வேண்டும். நாள்தோறும் மனநிலையைக் குறித்துவரச் செய்ய வேண்டும். உடன் வந்திருப்பவரையும் உட்காரவைத்து ஒன்றைக் கேட்க வேண்டும்: "நல்லா இருக்கும்போது இவர் எப்படி இருப்பார்?"