நீர் சூழ்ந்த மலை: கண்டி இராச்சியமும் கரையோர நீர்வழிகளும்

நீர்கொழும்புக் கடனீரேரியிலும் அதனோடு இணைந்த கால்வாயிலும் இன்று இயந்திரப் படகுகள் ஓடுகின்றன. புதுமணத் தம்பதியரும் வெளிநாட்டு உல்லாசப் பயணிகளும் அவற்றிலேறி, முத்துராஜவெலச் சதுப்பு நிலத்தின் கண்டற் காடுகளையும் பறவைகளையும் கண்டு களிக்கின்றனர். அலையெழாத அந்நீர்வழி இன்பப் பொழுதுபோக்கிற்கென்றே அமைந்தது போலத் தோன்றும். ஆயின், அது வாணிகத்திற்காகவும் ஆட்சிக்காகவும் மனித உழைப்பால் வெட்டப்பட்ட வழியாகும். அதன் வரலாற்றை ஆராயப் புகுவோர், கடலினின்றும் வெகு தொலைவிலுள்ள கண்டி மாநகரின் வரலாற்றைத் தொடாது மேற்செல்லுதல் இயலாது.

கண்டி இராச்சியத்தின் சுதந்திரத்தைப் பற்றி எழுதுவோர் அதன் மலைகளையும் காடுகளையும் அரணாகப் போற்றுதல் வழக்கம். அதில் உண்மையுண்டு. எமது பல்கலைக்கழகத்திற்கு அண்மையிலுள்ள கன்னொறுவையில் 1638 ஆம் ஆண்டு போர்த்துக்கேயர் படை அழிந்ததை எவரும் அறிவர். ஆயின் மலையைப் போன்றே ஆறும் அந்நகருக்கு அரணாயிற்று. கண்டியைச் சுற்றி வளைந்தோடும் மகாவலி கங்கை, பாறைகளும் நீர்வீழ்ச்சிகளும் நிறைந்தமையால் கடலிலிருந்து கண்டிவரை படகேற இடந்தராதது. மன்னரும் அதன் மீது பாலம் அமைக்க விரும்பினாரல்லர். எதிரிக்கு வழி திறந்துவிடக்கூடும் என்பதே காரணம். 1803 ஆம் ஆண்டு யூன் மாதத்தில் மேஜர் டேவியின் தலைமையில் கண்டியை விட்டுப் பின்வாங்கிய ஆங்கிலப் படை, வட்டாபுளுவைத் துறையில் பெருக்கெடுத்த மகாவலியைக் கடக்க வழியின்றித் தடைப்பட்டு அழிந்தது. மலைநாட்டு நீர், கண்டியைக் காத்தது.

கரையோர நீரோ வேறு வகையில் தொழிற்பட்டது. கண்டி மலைநாட்டு அரசாயினும் கடலின்றி வாழவல்லதன்று. உப்பும் கருவாடும் துணியும் கரையிலிருந்தே வரவேண்டும். பாக்கும் கறுவாவும் கரைவழியே வெளியேற வேண்டும். தென்னிந்தியாவுடன் நடந்த பாக்கு வாணிகம் அரச வருவாய்க்கு இன்றியமையாததாக விளங்கிற்று. புத்தளமும் கொட்டியாரமும் மட்டக்களப்பும் கண்டி மன்னரின் கடல்வாயில்களாய் இருந்தன.

போர்த்துக்கேயரை விரட்ட இரண்டாம் இராஜசிங்கன் 1638 இல் ஒல்லாந்தரைத் துணைக்கொண்டான். 1656 இல் கொழும்பு வீழ்ந்தது. ஆயினும் அது மன்னன் கைக்கு வரவில்லை. பின்னர் ஒல்லாந்தர் கண்டியின் கடல்வாயில்களை ஒவ்வொன்றாக அடைக்கலாயினர். புத்தளக் கடனீரேரியின் முகப்பிலே கற்பிட்டிக் கோட்டை 1667 இல் தொடங்கி 1676 இல் நிறைவுற்றது. அக்கோட்டையின் பார்வைக்குத் தப்பிப் புத்தளத்திற்கு மரக்கலம் செல்லுதல் அரிதாயிற்று. ஒரு கோட்டையைக் கட்டி, ஒரு துறைமுகத்தைப் பயனற்றதாக்கிய உபாயம் இது.

இவ்வாறு கைக்கொண்ட கரையை ஒல்லாந்தர் நீர்வழிகளால் தொடுத்தனர். மேற்குக் கரையிலே களப்புகள் பல இயற்கையாகவே வடக்குத் தெற்காக அமைந்துள்ளன. கோட்டை அரசர் காலத்திலேயே அப்பகுதியில் கால்வாய்கள் இருந்தன என்பது மரபு. ஒல்லாந்தர் பழையனவற்றைத் திருத்தியும் புதியன வெட்டியும் கொழும்பு, நீர்கொழும்பு, சிலாபம், புத்தளம் ஆகிய இடங்களை உள்நாட்டு நீர்வழியால் இணைத்தனர். தட்டையான அடியும் ஓலைக் கூரையும் உடைய படகுகள், கழியூன்றியும் கயிற்றால் இழுக்கப்பட்டும் அவ்வழியே சென்றன. பருவக்காற்றினால் கடல் கொந்தளிக்கும் மாதங்களிலும் சரக்குத் தடையின்றிக் கொழும்பை அடைந்தது. கட்டாய ஊழியம் நிலவிய காலத்தில் தோண்டப்பட்ட இவ்வழிகள், வெட்டிய மக்களின் பெயரைத் தாங்கவில்லை என்பதையும் நாம் மறத்தலாகாது.

1765 இல் ஆளுநர் வன் எக்கின் படை கண்டி நகரைக் கைப்பற்றியபோதும் அங்கு நிலைத்திருக்க இயலவில்லை. ஆயின் போரில் பெறாததை ஒல்லாந்தர் ஒப்பந்தத்தில் பெற்றனர். 1766 பெப்ரவரி 14 ஆம் நாள், ஆளுநர் பல்க் காலத்தில், கீர்த்தி ஸ்ரீ இராஜசிங்கனுடன் செய்யப்பட்ட உடன்படிக்கை தீவின் கரையோரம் முழுவதையும் கம்பனிக்கு உரியதாக்கியது. சிலாபம், புத்தளம் உப்பளங்களில் உப்பெடுக்கும் உரிமை கண்டியருக்கு வழங்கப்பட்டது. தன் நாட்டு உப்பைப் பிறர் இசைவுடன் அள்ளவேண்டிய நிலை எய்திய அரசின் சுதந்திரம் எத்தகையது என்பதை வாசகரே உய்த்துணர்க.

கடலிழந்த இந்நிலை அரண்மனை வாழ்விலும் பிரதிபலித்தது. பதினெட்டாம் நூற்றாண்டிலே மதுரைப் பக்கத்திலிருந்து மணமகளிரை அழைத்துவரவும், 1753 இல் சீயத்திலிருந்து பௌத்த பிக்குகளை வரவழைக்கவும் கண்டி மன்னர் ஒல்லாந்தக் கப்பல்களையே நாடினர். இறுதி மன்னனாகிய ஸ்ரீ விக்கிரம இராஜசிங்கன் 1816 சனவரியில் தன் தேவியருடன் கொழும்பில் கப்பலேற்றப்பட்டுச் சென்னைக்கும் பின் வேலூருக்கும் அனுப்பப்பட்டதோ ஆங்கிலக் கப்பலிலாகும். மணமகளிர் வந்த கடல்வழியே மன்னனும் தேவியரும் சிறைசெல்லும் வழியாயிற்று.

கண்டியின் வீழ்ச்சிக்குப் பிரதானிகளின் பகையும் பிளவுமே காரணம் என்பர் சிலர். 1815 இல் நகர் கைம்மாறிய விதத்தை அக்கூற்று விளக்கும் என்பதில் ஐயமில்லை. ஆயின் அரசின் பொருளாதார அடித்தளம் அதற்கு அரை நூற்றாண்டு முன்னரே தளர்ந்துவிட்டதை அது விளக்காது. ஆங்கிலேயரும் இதனை அறிந்தே செயற்பட்டனர் எனலாம். டேவியின் படை மகாவலிக் கரையில் மடிந்த அதே காலப்பகுதியில், 1802 முதல் 1804 வரை, களனி கங்கைப் பக்கத்திலிருந்து நீர்கொழும்பு நோக்கி ஏறத்தாழ 9 மைல் நீளமான ஹமில்டன் கால்வாய் வெட்டப்பட்டது. மலையில் தோற்றவர்கள் கரையில் தம் நிலையை உறுதிசெய்துகொண்டிருந்தனர்.

கண்டி வீழ்ந்தபின் நிலைமை மாறிற்று. 1820 களில் ஆளுநர் பான்ஸ் கொழும்பு - கண்டி வீதியை அமைப்பித்தார். மன்னர் பாலமிட விரும்பாத மகாவலியின் மேல், 1833 இல் பேராதனையில் முதிரை மரப் பாலம் எழுந்தது. 1867 இல் புகையிரதம் கண்டியை அடைந்தது. கோப்பியும் பின்னர் தேயிலையும் மலையிலிருந்து நேரே கொழும்புத் துறைக்கு இறங்கின. கால்வாய்கள் படிப்படியாகத் தம் முதன்மையை இழந்தன.

ஆகவே, கண்டியின் வரலாற்றை மலையுச்சியிலிருந்து மட்டும் நோக்குதல் முழுமையாகாது. கணவாய்களில் நடந்த போர்கள் வீரத்தைக் காட்டுகின்றன. கரையோரக் கால்வாய்களும் உப்பளங்களுமோ அவ்வீரம் எத்துணை நாள் நிலைக்கக்கூடும் என்பதை நிர்ணயித்தன. ஒரு நாட்டின் உணவுக்கும் வாணிகத்திற்கும் உரிய வழிகள் பிறர் கைப்பட்டபின், தலைநகரின் அரண்கள் எவ்வளவு உயர்ந்தனவாயினும் காலத்தைக் கடத்துமேயன்றி விதியை மாற்றா. கண்டி எமக்கு உணர்த்தும் வரலாற்றுண்மை இதுவேயாகும்.